சகலை வீட்டு விலாசம்

மார்ச் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் இங்கே சுகம். அத்தானைச் சுகம் என்று எழுதுவது பாதிப் பொய். தட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. மனிதர் செய்தித்தாளையே வெறித்துக்கொண்டிருக்கிறார். நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்கு இருமல் நின்றதா?

நீயும் படித்திருப்பாய். நீளக் காலுக்காக ஊரே கொக்கு என்று கூப்பிடுகிற நம் ஊர்ப் பையன் ஓட்டுகிற சைக்கிள் பந்தய அணியில் வீரர்களுக்கு ஊக்கமருந்து ஊசி போடுகிறார்களாம். அணிக்குள்ளேயே இருக்கும் யாரோ ஒருவர் விசாரணைக் குழுவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாராம். பேரைப் போடவில்லை. இந்த ஊரில் கொக்கைப் பற்றி இப்படிப் பேசினால் விடுவார்களா? பெரிய பந்தயத்தின் மலையேற்றத்தில் அவன் முதலாவதாக வந்த பிறகுதானே விரைவு ரயில் இங்கே நிற்க ஆரம்பித்தது. அவன் சின்ன வயதில் மிதித்தது நம் கடையில் வாங்கிய பழைய சைக்கிள். பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லி முடிக்காமல் உன் அத்தான் காற்று அடித்துக் கொடுக்க மாட்டார். கொக்கு ரசிகர் மன்றத்துக்குத் தலைவர் வேறு. போன மாதம் கடை ஷட்டரில் கொக்குப் படம் வரையச் சொன்னார். பெயிண்டர் வாத்து வரைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை.

நேற்று மன்றத்து ஆட்கள் கடை வாசலில் பத்திரிகைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். காயப்போட்ட துணியெல்லாம் புகை நாற்றம்.

மாப்பிள்ளை அந்த அணியில்தானே வீரர்களுக்குக் கால் பிடித்துவிடுகிறார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? "சகலையக் கேட்டு எழுதச் சொல்லு, யார் அந்த ஆளுன்னு" என்று அத்தான் காலையும் மாலையும் நச்சரிக்கிறார். போனில் பேசலாம் என்றால் போன் கடையில் இருக்கிறது. சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் காது எல்லாம் என் வாயில்தான் இருக்கும். அதனால் விவரமாக எழுது. குட்டிக்கு என் முத்தம்.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லாரும் நன்றாக இருக்கிறோம். குட்டிக்கு இருமல் போய்விட்டது. அத்தானை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்.

இவர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். முதுகுவலி என்று விடுப்பு எடுத்திருக்கிறார். அணி விஷயங்களை இவர் வீட்டில் பேசுவதில்லை, உனக்கே தெரியும். அத்தானிடம், இவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு.

குட்டியைப் பள்ளிக்கு நானே கொண்டுபோய் விட்டு நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். நான் வேலை பார்க்கும் தையல் கடை முதலாளியம்மா அந்த நேரத்தில் போக விடுகிறார். தெருப்பக்க அறையில் படுப்பதை நிறுத்திவிட்டோம். கட்டிலை உள்ளே நகர்த்தியாகிவிட்டது. தெருவில் வண்டிச் சத்தம் அதிகம்.

இந்தக் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்காதே.

அத்தானுக்கு என் வணக்கம்.

பாப்பா


ஏப்ரல் 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தைத்தான் எனக்குச் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. இதென்ன கடிதம், தந்தி அடித்த மாதிரி? உங்கள் தெருவில் எந்தக் காலத்தில் வண்டி ஓடியது? நான் வந்திருந்தபோது மதிற்சுவரில் பூனை நடந்தால்கூடக் கேட்டது. ஊரார் முதுகையெல்லாம் நீவிவிடுகிற மனிதருக்கே முதுகுவலியா? நன்றாகக் கவனித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் மன்றக் கூட்டம். முடிதிருத்துகிறவர், பஸ் கண்டக்டர், டிராயிங் வாத்தியார் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். காட்டிக்கொடுத்தவன் யார் என்றுதான் பேச்சு. கண்டக்டர் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். அவர் எப்போதுமே அப்படித்தான், டிக்கெட் கேட்டாலும் சண்டை போடுகிற மாதிரிதான் இருக்கும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன் அத்தான் ஓரமாக உட்கார்ந்து ஒரு செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"ஆள் கையில கிடைச்சா முட்டிய உடைச்சிடணும். அப்புறம் எப்படி நடந்து போய் சாட்சி சொல்றான்னு பாக்கலாம்."

பாப்பா, பொறியில் மாட்டின எலியைக்கூடக் கொல்ல மனம் வராமல் ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற மனிதர் இவர். கத்திச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். "அந்த ஸ்பேனரை எடு" என்பது போலச் சொன்னார்.

பத்திரிகை ஏஜெண்ட் வீட்டில் யாரோ கல் எறிந்துவிட்டார்கள். அவர் பத்திரிகையை வீடு வீடாகப் போடுகிறவர், எழுதுகிறவர்கூட இல்லை. அவர் மனைவி என்னைக் கண்டால் நின்று பேசாமல் போகமாட்டாள். இப்போது என் தலையைப் பார்த்ததுமே குழந்தையை இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறாள்.

கட்டிலை ஏன் நகர்த்தினாய் என்று எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 30

பாப்பா,

நீ பதில் போடவில்லை. உடம்புக்கு ஏதாவதா? குட்டி நன்றாக இருக்கிறாளா?

தபால் ஆபீசிலிருந்து உங்கள் வீட்டுக்குப் போன் பண்ணினேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லிற்று. திரும்பவும் போட்டேன். அதே குரல். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற கண்டக்டர், "என்னங்க, தங்கச்சி வீட்டுக்கா?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அது ஏன் என்று அங்கேயே எனக்குப் புரிந்துபோயிற்று. புரிந்ததை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன்.

நான் நினைப்பது உண்மையாக இருந்தால் எதையும் எழுதாதே. இல்லையென்றால் "இல்லை" என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. எனக்கு அது போதும். மற்றதெல்லாம் பிறகு நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் அவள் தாத்தா மாதிரி இருக்கிறாள். இங்கே நல்ல மழை.

நீ கேட்ட ஒரு வார்த்தையை எழுத உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, அக்கா.

அணியில் புதிதாக ஒருவன் சேர்ந்திருந்தான். இருபது வயதுகூட இருக்காது. பந்தயம் முடிந்து மேசையில் படுத்தால் இவர் பிடித்துவிடும்போதே தூங்கிவிடுவானாம். ஒரு நாள் அவன் கெண்டைக்கால் இவர் கைக்குக் கட்டை மாதிரி, ஜில்லென்று இருந்திருக்கிறது. அணி டாக்டரிடம் சொன்னார். "நீ உன் வேலையப் பாரு" என்றாராம். அடுத்த வாரம் அந்தக் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மோட்டார் சைக்கிள் விபத்து என்று அணி வெளியில் சொன்னது. ஊசிகள் வரும் ஐஸ் பெட்டியை இவரும்தான் தூக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு விசாரணைக் குழுவிடம் போனார். என்னைக் கேட்டுக்கொண்டுதான் போனார். நான் போகச் சொன்னேன். அதையும் நீ தெரிந்துகொள்.

போனை நாங்கள்தான் துண்டித்தோம். கொக்கு பேசினான். பந்தயங்களில் இவர் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன்தானே. குரலில் கோபமே இல்லை. "நல்லா இருக்கீங்களா அண்ணி? குட்டி இப்ப எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறா?" என்று கேட்டான். நான் ரிசீவரை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. அவன் வெறுமனே விசாரித்தானோ என்னவோ. அதுதான் தெரியவில்லை.

அத்தானுக்குத் தெரியவே கூடாது. உன்னை விட்டால் உங்கள் ஊரில் எங்கள் வீடு தெரிந்தவர் அவர் ஒருவர்தான். குட்டி பிறந்தபோது வந்து தங்கி, இந்த வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனவர். இனிமேல் தையல் கடை விலாசத்துக்கு எழுது, அவசரமென்றால் அங்கே போன் பண்ணு.

பாப்பா


மே 29

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். வேறு என்ன விசாரிக்க?

உன்னிடம் மறைக்க மாட்டேன். முதலில் எனக்கு மாப்பிள்ளை மேல்தான் கோபம் வந்தது. ஊரில் வேறு ஆளே இல்லையா, இவர்தான் போய்ச் சொல்ல வேண்டுமா, குழந்தை குட்டியோடு இருக்கிற மனிதர் என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன். அப்புறம் அந்தக் காலை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாதா? தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று பயந்து, புழுக்கம் என்று சாக்குச் சொல்லிக் கூடத்தில் தனியாகப் படுக்கிறேன்.

போன வாரம் கொக்கு ஊருக்கு வந்தான். நகராட்சிக் கட்டட மாடியில் நின்று பேசினான். கீழே தெரு கொள்ளாத கூட்டம். "என் அம்மா மேல ஆணையா நான் ஒண்ணும் எடுத்துக்கலை" என்று சொல்லும்போது அழுதுவிட்டான். எல்லாரும் அழுதார்கள். எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு நானும் அழுதேன், பாப்பா. அது நடிப்பில்லை. அவன் அழுததைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. உன் அத்தான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயிலடி வரைக்கும் நடந்தார். இந்த வயதில்.

அவன் அம்மா, முன்பு ரயிலடியில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர், மாடியில் அவன் பின்னால் நின்றார். அவர் மட்டும்தான் அழவில்லை. மகன் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேர் வெளியே வருமா? எப்போது வரும்? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் சும்மா ஏதாவது எழுது.

அக்கா


ஜூன் 18

பாப்பா,

அவசரத் தபாலில் இதைப் போடுகிறேன். ரயிலடிப் போனிலிருந்து தையல் கடைக்குப் பேசியும் சொல்லிவிட்டேன், முதலாளியம்மா சொல்லியிருப்பார். அவர் சொன்னது விளங்காவிட்டால் இதைப் படி.

விசாரணை ஆரம்பித்து, மாலைச் செய்தியில் பேர் வந்துவிட்டது. மாப்பிள்ளை படத்தையும் காட்டினார்கள், பழைய படம், மீசையோடு. கடையில் மன்றத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நானும் இருந்தேன். படத்தைப் பார்த்ததும் யாரும் டி.வி.யைப் பார்க்கவில்லை, எல்லாரும் உன் அத்தானைப் பார்த்தார்கள்.

"தலைவரே, இது உங்க சகலை இல்ல?" என்றார் முடிதிருத்துகிறவர்.

"ஆமா. என் சகலைதான்."

"காலைப் பிடிச்சுப் பொழச்சவன், இப்ப காலை வாரிட்டான்," என்றார் கண்டக்டர். ஒருவரும் சிரிக்கவில்லை. "வீடு எங்க?"

அத்தான் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"நாளைக்குச் சொல்றேன்."

"இன்னைக்குச் சொன்னா என்ன?"

"நாளைக்குன்னு சொன்னேன்ல."

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரில் நின்றேன்.

"அங்க குட்டி இருக்கா," என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" துடைத்த கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

பொய் சொல்ல நினைத்தேன். என் முகம் சொல்லிக்கொடுத்துவிட்டது.

"அவன் மாடியில நின்னு அழுதப்ப நீயும்தானே அழுத," என்றார். அவ்வளவுதான். அப்படியே உட்கார்ந்திருக்கிறார். சொல்வாரா மாட்டாரா எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் தெரியவில்லை.

கிளம்புங்கள். எங்கே போகிறீர்கள் என்று எனக்கு எழுதாதே.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். குட்டி இங்கே பள்ளிக்குப் போகவில்லை. வீட்டிலேயே எழுதப் படிக்க வைக்கிறேன். இந்தக் கடிதத்தை முதலாளியம்மாவின் தம்பி வேறு ஊரில் போய்த் தபாலில் சேர்ப்பார். முத்திரையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

உன் போன் வந்த மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். கையில் வந்த துணிமணியோடு. அன்று மத்தியானமே வேன் வந்ததாம். பக்கத்து வீட்டு அம்மா முதலாளியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். ஜன்னல் ஒன்று பாக்கியில்லை. கதவை உடைத்து உள்ளே போய்க் கட்டிலைக்கூடப் பிளந்திருக்கிறார்கள். குட்டியின் புத்தகப்பையைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஏதோ எழுதியிருக்கிறதாம். என்ன என்று அந்த அம்மா வாயால் சொல்ல மாட்டேன் என்றாராம்.

இன்னொன்றும் சொன்னார். வேன் வருவதற்கு முன்னால், வயதான ஒருவர் தனியாக வந்து கதவைத் தட்டினாராம். குட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தட்டினாராம்.

நான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அக்கா.

கதவு தட்டினால் குட்டி இப்போது மேசைக்கு அடியில் போய்விடுகிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இவர் வாசலுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

பாப்பா


ஜூலை 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நீ கேட்காததைச் சொல்கிறேன். உன் அத்தான்தான் சொன்னார்.

காலையில் கண்டக்டரும் முடிதிருத்துகிறவரும் வீட்டுக்கே வந்தார்கள். நான் சமையலறையில் இருந்தேன். அத்தான் தெருப் பேரைச் சொன்னார். வீட்டு நம்பரைச் சொன்னார். வழி கேட்கிறவர்களுக்கு விவரமாகச் சொல்வது அவர் பழக்கம் இல்லையா, "மாடிப்படி வலது கைப்பக்கம், பச்சைக் கதவு" என்றும் சொன்னார். அவர் அடித்த பச்சை. நான் ஓடி வந்து அவர் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன்.

அவர்கள் வேன் பிடிக்கப் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அவராகச் சொன்னார்.

"சொன்னப்புறம்தான் குட்டி முகம் கண்ணு முன்னால வந்துது. முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஓடினேன். தட்டித் தட்டிப் பாத்தேன். ஆள் இல்லைன்னு தெரிஞ்சதும் படியிலயே உக்காந்துட்டேன். வேன் வந்துது. 'தலைவரே, எங்களுக்கு முன்னாடியே வந்துட்டீங்களா'ன்னு தோளத் தட்டினானுங்க. நான் எழுந்திரிச்சு ஒதுங்கி வழி விட்டேன்."

"கை?" என்றேன்.

"அவனுங்க போனப்புறம் கண்ணாடியப் பொறுக்கினேன்."

அதற்கு மேல் நான் அவரோடு பேசுவதில்லை. சமைத்து வைக்கிறேன். அவர் சாப்பிடுகிறார். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இதை எழுதினேன். மன்னிக்கச் சொல்ல எனக்கு வாயில்லை.

இன்னொரு விஷயம். நேற்று மத்தியானம் கொல்லைப்பக்கக் கதவைத் தட்டுகிற சத்தம். கொக்கின் அம்மா. திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"சண்டைக்கு வரலம்மா. உன் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லணும்," என்றார். "பந்தயத்துல இருந்து போன் பண்ணினான். கெண்டைக்கால் மரத்துப் போகுது, படுத்தா நெஞ்சு அடிச்சுக்குதுங்கறான். அந்தப் புள்ளைக்குக் கால எடுத்தாங்களாமே, அவனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா?"

"நீங்க உங்க பையனையே கேக்கலாமே, என்ன எடுத்துக்கறேன்னு," என்றேன்.

"கேட்டேன். ஒண்ணும் எடுத்துக்கலம்மான்னான். நம்பறேன்டான்னேன். அவனும் பொய் சொன்னான், நானும் பொய் சொன்னேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்களுக்கு இதைச் செய்த கூட்டமெல்லாம் அவர் மகனுக்காகத்தான் செய்தது. கேட்கிற உரிமை எங்களுக்கு இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை. அவனுக்கும் கால் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். குட்டி மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். நினைக்காமல் என்ன செய்வது?

இவரிடம் காட்டாமல் கிழித்துவிடலாமா என்று இருந்தேன். காட்டினேன். படித்து முடிக்கும் முன்னாலேயே எழுந்துவிட்டார்.

"அப்படித்தான் ஆரம்பிச்சுது. இறங்கச் சொல்லு. மலைக்குப் போறதுக்குள்ள இறங்கச் சொல்லு. அந்த ஊசியால ரத்தம் கெட்டியாயிருக்கும். வெயில்ல வேர்த்துத் தண்ணி வத்தினா இன்னும் கெட்டியாகும். அணி டாக்டர்கிட்டப் போகக் கூடாது, வெளி ஆஸ்பத்திரி. என்ன எடுத்துக்கிட்டான்னு அங்க ஒளிக்காம சொல்லணும். ஒளிச்சா வைத்தியம் பண்ண முடியாது. எழுது, எழுது," என்று என் தலைமேலேயே நின்றார். அப்படியே எழுதியிருக்கிறேன். இதைப் போனில் உனக்குச் சொல்லிவிடும்படி முதலாளியம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

கொக்கு அன்று குட்டியின் பள்ளியைக் கேட்டானே, அதை ஏன் கேட்டான் என்று இவரைக் கேட்டேன். தெரியாது என்றார். எனக்கும் தெரியாது. அவன் பிழைக்கட்டும்.

அத்தானைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

பாப்பா


ஜூலை 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்கே இருந்தாலும் சுகமாக இருங்கள்.

முதலாளியம்மாவின் போன் வந்த அன்றே கொக்கின் அம்மாவிடம் போய் மாப்பிள்ளை சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் எழுந்தார். அணி தங்கியிருக்கிற ஓட்டல் நம்பர் மன்றத் தலைவரிடம்தானே இருக்கிறது. நேராகக் கடைக்கு வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கடை நிறைய ஆட்கள். அத்தான் நம்பரைச் சுழற்றி ரிசீவரை அவர் கையில் கொடுத்தார்.

"டேய், அம்மா பேசறேன். சைக்கிள விட்டு இறங்கு. எனக்கு எல்லாம் தெரியும்டா, ஊசி போட்டுக்கிட்டதெல்லாம் தெரியும். இல்லைன்னு சொல்லாத, அதுக்கு நேரமில்ல. நீ ஜெயிக்க வேணாம், ஒண்ணும் வேணாம், இறங்கு."

அத்தனை பேரும் கேட்டார்கள். முடிதிருத்துகிறவர் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, வைத்துவிட்டான். அம்மா ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அத்தான்தான் மெல்ல வாங்கி வைத்தார்.

அவன் கேட்கவில்லை. மறுநாள் மலைக்குப் புறப்பட்டுவிட்டான்.

பாப்பா, அந்தப் பந்தயத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கடையில் வழக்கம்போலக் கூட்டம். அம்மா முன்னால் நாற்காலியில். முன்பெல்லாம் அவன் மலையேற ஆரம்பித்தால் இந்தத் தெருவே கத்தும். அன்று மூச்சுச் சத்தம்கூட இல்லை. கேமரா அவன் முகத்தைக் காட்டும்போதெல்லாம் எல்லாரும் உதட்டின் நிறத்தைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். அவன் ஒவ்வொருவராக முந்தினான். முந்த முந்த இங்கே பயம் ஏறிற்று. "போதும்டா," என்று யாரோ முணுமுணுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் டிராயிங் வாத்தியார்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு வளைவில் ஒரு காலைத் தரையில் ஊன்றினான். அப்புறம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரோட்டோரக் கல்லில் போய் உட்கார்ந்தான். பின்னால் வந்த வண்டியில் இருந்து அணி ஆட்கள் இறங்கி ஏறச் சொல்லிக் கையை இழுத்தார்கள். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"இறங்கிட்டான்," என்றார் அவன் அம்மா. அதன்பிறகுதான் அழ ஆரம்பித்தார்.

இப்போது வெளி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அம்மா பக்கத்தில் இருக்கிறார். நுரையீரல் பக்கம் ரத்தம் கட்டியிருந்ததாம், இன்னும் ஒரு மலை ஏறியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்களாம். காலைக் காப்பாற்றிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம்.

ஊர் திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதே. பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டோடு இருக்கிறார்கள். மீதிப் பேருக்கு முன்னைவிடக் கோபம். கண்டக்டர் நேற்று கடை வாசலில் நின்று, "அவன் வாயத் திறக்காம இருந்திருந்தா நம்ம பையன் இன்னைக்கு ஜெயிச்சவன் போடற மஞ்சள் சட்டை போட்டிருப்பான். விடக் கூடாது அவன" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுப் போனார். அதனால் வராதே. எழுதும்போதும் ஜாக்கிரதையாக எழுது.

நேற்று உன் அத்தான் மன்றப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்தார். சாப்பிட உட்கார்ந்தவர், ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அவங்க எங்க இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன். இந்தத் தடவை அது உண்மை.

"நல்லது. தெரிஞ்சாலும் எங்கிட்ட சொல்லாத," என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே, "மறுபடி யாராவது வந்து கேட்டா, சொல்ல மாட்டேன்னு எனக்கே நிச்சயமா தெரியல," என்றார்.

நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டேன். பிறகு எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

குட்டிக்கு என் முத்தம். அவளைப் பயப்பட வேண்டாம் என்று சொல். நான் சொன்னேன் என்று சொல்.

உன் அக்கா